வலிக்காத பல்லும் விடாத சைனஸும்

கேள்வி: எனக்கு 43 வயது. எட்டு மாதங்களாக இடப்பக்கக் கன்னத்தில் ஒரு கனம் இருக்கிறது; குனிந்தால் கூடுகிறது. இடது மூக்கில் மஞ்சளாகச் சளி வருகிறது. அதைவிடத் தொல்லை, அடிக்கடி வீசும் ஒரு கெட்ட நாற்றம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, எனக்குத்தான் தெரிகிறது. சைனஸ் என்று சொல்லி மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடும்வரை குறைகிறது, நிறுத்திய சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. அதே பக்கத்தில் மேல் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்து உறை போட்டிருக்கிறேன். அதில் வலி எதுவும் இல்லை. பல் மருத்துவரும் சிறிய எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு இல்லை என்றார். பல்லுக்கும் சைனஸுக்கும் தொடர்பு இருக்க முடியுமா? இருந்தால் அந்தப் பல்லைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் சைனஸில் ஓட்டை விழும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அடுத்த மாதம் விமானத்தில் போக வேண்டிய வேலையும் இருக்கிறது.

பதில்: தொடர்பு இருக்க முடியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பேனா கோடிட்ட இடங்கள் மூன்று: தொல்லை ஒரே பக்கத்தில் இருப்பது, உங்களுக்கு மட்டும் தெரிகிற நாற்றம், மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்புவது. இவை மூன்றும் சேர்ந்து வரும்போது, அந்தப் பக்கத்து மேல்வரிசைப் பற்களைத் தீர ஆராயாமல் ‘இது வெறும் சைனஸ்’ என்று முடிவு கட்டுவது சரியாகாது என்பது வேர் சிகிச்சையையே தொழிலாகக் கொண்ட என் கருத்து. நேரில் பார்க்காமல் உங்கள் பல்லின்மீது குற்றம் சுமத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் இதுவரை நடந்த சோதனைகளை வைத்து அது குற்றமற்றது என்று விடுவிக்கவும் முடியாது.

முதலில் இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். கண்ணுக்குக் கீழே, மூக்கை ஒட்டி, மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. முகத்திலுள்ள சைனஸ்களில் இதுவே பெரியது. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 15 மில்லிலிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு கொள்ளும். பிறக்கும்போது சிறு பள்ளமாக இருக்கும் இந்த அறை, நிலைப்பற்கள் முளைத்து இறங்க இறங்கத் தானும் கீழ்நோக்கி விரிகிறது. வளர்ச்சி முடியும்போது அதன் தரை, மூக்கின் தரைமட்டத்தையும் தாண்டிக் கீழே போய்விடுகிறது. அந்தத் தரைக்கு நேர் கீழே நிற்பவைதான் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள். அவற்றில் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர்கள் மிக நெருக்கமானவை. முதலாம் கடைவாய்ப்பல் அதற்கு அடுத்தது, அதற்கு முன்னுள்ள சிறு கடைவாய்ப்பற்கள் அதற்கும் அடுத்தவை. முன்பற்கள் பெரும்பாலும் இந்த விவகாரத்தில் வருவதில்லை. சிலருக்கு வேர்நுனிக்கும் சைனஸுக்கும் இடையில் நல்ல கனமான எலும்பு இருக்கும். வேறு சிலருக்கோ எலும்பே இல்லாமல், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சவ்வு மட்டும் வேர்நுனியின்மேல் போர்த்தியிருக்கும். நீங்கள் எந்த வகை என்பதைக் கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இந்த அண்டை உறவு புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. 1489ஆம் ஆண்டிலேயே லியனார்டோ டாவின்சி மண்டையோட்டை அறுத்து இந்த அறையை வரைந்திருக்கிறார். 1651இல் இதை விரிவாக விவரித்த ஆங்கிலேய மருத்துவர் நதானியேல் ஹைமோர், தம்மிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதினார். கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருந்ததால், அந்தப் பெண் தூவிகளை நீக்கிய இறகுத் தண்டை அதற்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். அது தடையில்லாமல் மேலே போய்க்கொண்டே இருந்ததால் மூளைக்கே போய்விட்டது என்று நினைத்து அரண்டுபோய் மருத்துவரிடம் ஓடிவந்தார். தண்டு போனது மூளைக்கல்ல, சைனஸுக்கு. உங்களைப் பயமுறுத்தியவர் சொன்ன ‘ஓட்டை’யும் இதே ஓட்டைதான்; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த அறைக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. உள்ளே சுரக்கும் சளி மூக்குக்குள் வடிவதற்கான துளை, தரையில் இல்லாமல் சுவரின் மேற்பகுதியில் இருக்கிறது. அதனால் சளி தானாக வடிய முடியாது. உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் அதை அலையலையாக மேலே தள்ளித்தான் துளைக்குக் கொண்டு சேர்க்கின்றன. கீழேயுள்ள வேர்நுனியிலிருந்து கிருமியும் சீழும் கசிந்தால், அந்தச் சவ்வு வீங்குகிறது, நுண்மயிர்கள் சோர்கின்றன, சிறிய துளை அடைபடுகிறது. பிறகு தேங்கியது அழுகுகிறது. ஜலதோஷத்தைத் தொடர்ந்து வரும் சைனஸில் பெரும்பாலும் இல்லாத அந்தக் கெட்ட நாற்றம் இங்கே வருவதற்குக் காரணம், பல்லிலிருந்து வரும் கிருமிகளில் பெரும்பகுதி காற்றில்லாத இடத்தில் வாழ்பவை என்பதுதான். சொத்தைப் பல்லின் சீழுக்குரிய அதே நாற்றம் இப்போது மூக்கின் பக்கமாக வெளியேறுகிறது.

இனி, உங்களைப் போன்ற எல்லோருமே கேட்கும் கேள்வி: பல்லில் கோளாறு என்றால் பல் வலிக்க வேண்டாமா?

வலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குளிர்ச்சியும் சூடும் பட்டுப் பல் கூசுவதற்கு அதற்குள் உயிருள்ள நரம்பு வேண்டும்; உங்கள் பல்லில் அதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது கடிக்கும்போது வேரைச் சுற்றி வரும் வலி மட்டும். அந்த வலியோ எலும்புக்குள் சீழ் அடைபட்டு அழுத்தம் ஏறும்போதுதான் கடுமையாகிறது. கீழ்த்தாடையில் சீழ் வெளியேற வழி தேடி ஈறில் கொப்புளமாகவோ கன்னத்தில் வீக்கமாகவோ தோன்றி உங்களை மருத்துவரிடம் விரட்டும். மேல் கடைவாயில் அதற்குச் சுலபமான ஒரு கதவு தலைக்குமேலேயே இருக்கிறது. சீழ் மேலே போய்விடுகிறது, அழுத்தம் ஏறுவதில்லை, பல்லும் வாய் திறப்பதில்லை. பல்லால் வரும் சைனஸ் நோயாளிகளில் பலர் பல்வலி என்ற சொல்லையே உச்சரிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவது இதனால்தான்.

வேர் சிகிச்சை செய்த பல் எப்படிக் கெட்டது என்றும் உங்களுக்குத் தோன்றும். மேல் முதலாம் கடைவாய்ப்பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்கள். கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் ஒன்றுதான் இருக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வேரில் இரண்டாவது கால்வாயும் இருக்கிறது. அதன் வாய் மயிரிழை அளவு நுண்மையானது, பல்லின் உள்தரை மேட்டுக்குள் ஒளிந்திருப்பது, நுண்ணோக்கி இல்லாமல் தேடுவோருக்கு எளிதில் அகப்படாதது. சுத்தம் செய்யப்படாமல் விடுபட்ட அந்த ஒரு கால்வாய் போதும். பல ஆண்டுகள் ஓசைப்படாமல் கிருமிகளை வளர்க்கும். இது எப்போதும் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்டுபிடிக்க முடியாதபடி சுண்ணாம்பேறி மூடிக்கொண்ட கால்வாய்களை நானும் விட்டிருக்கிறேன். இது தவிர, உறையின் ஓரத்தில் புதிய சொத்தை விழுந்து எச்சில் உள்ளே இறங்கியிருக்கலாம், வேரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம், அல்லது அந்தப் பல்லைச் சந்தேகித்துக்கொண்டிருக்கையில் குற்றவாளி பக்கத்துப் பல்லாகவே இருக்கலாம். ஈறு நோய் முற்றி எலும்பு கரைந்து, வேரின் பக்கவாட்டு வழியே தொற்று மேலே ஏறுவதும் உண்டு.

உங்கள் பல் மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அது முப்பரிமாணப் பொருளின் தட்டையான நிழல். மேல் கடைவாயில் அந்த நிழலின்மேல் கன்ன எலும்பின் நிழல், சைனஸின் நிழல், மூன்று வேர்களின் நிழல்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எலும்பிலுள்ள தாதுப்பொருளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கரைந்தபிறகே அத்தகைய படத்தில் கருமை தெரியும் என்பார்கள். ஆகவே அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த இடத்துக்குப் பொருத்தமான படம் கோன் பீம் சிடி ஸ்கேன். பல்லையும் வேரையும் சைனஸின் தரையையும் மெல்லிய சீவல்களாக வெட்டிக் காட்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஏற்கெனவே சைனஸ் சிடி எடுத்திருந்தால், அந்தப் படத்தை அறிக்கைத் தாளோடு மட்டும் நிறுத்தாமல் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். சைனஸைப் பார்க்கச் சொல்லிக் கேட்ட படத்தில், வேர்நுனியில் இருக்கும் கருவளையம் அறிக்கையில் இடம்பெறாமல் போவது அடிக்கடி நடக்கிறது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று படம் படிப்பவரிடம் எதிர்பார்ப்பது அவ்வளவு நியாயமுமில்லை.

ஆன்டிபயாடிக் ஏன் தோற்றது என்பதும் இப்போது புரிந்திருக்கும். மருந்து ரத்தத்தின் வழியே போய்ச் சேர வேண்டியது. உயிரிழந்த வேருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து சைனஸ் சவ்விலுள்ள தொற்றை அடக்குகிறது, நீங்கள் சில நாள் நிம்மதியாக இருக்கிறீர்கள், வேருக்குள் இருக்கும் கிருமிக் கூட்டம் அசையாமல் காத்திருந்து மறுபடி மேலே கசிகிறது. நான்காவது முறையும் அதே மருந்தை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேல்தாடைச் சைனஸ் அழற்சியில் 10 முதல் 12 சதவீதம்தான் பல்லால் வருவது என்று பழைய பாடநூல்கள் எழுதின. சிடி ஸ்கேன் வைத்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் 40 சதவீதம்வரைகூடச் சொல்கின்றன. நாள்பட்டு ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கும் சைனஸ்களைத் தனியாக எடுத்தால் பல்லின் பங்கு இன்னும் பெரிது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு துறையினரையும் ஒரே விஷயத்தைப் பார்க்க வைப்பது. இந்த நோயை எப்படி உறுதி செய்வது என்று பல நாட்டுக் காது மூக்கு தொண்டை நிபுணர்களும் பல் நிபுணர்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கருத்தொற்றுமையும் இதைத்தான் சொல்கிறது: சைனஸில் தொற்று இருப்பதை ஒருவர் உறுதி செய்ய வேண்டும், அந்தப் பக்கத்துப் பல்லில் நோய் இருப்பதை மற்றவர் உறுதி செய்ய வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை விட்டு, சைனஸின் துளை வந்து திறக்கும் நடு இடுக்கிலிருந்து சீழ் வருகிறதா என்று பார்ப்பார். வேர் சிகிச்சை நிபுணர் பற்களைத் தட்டிப் பார்ப்பார், ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளப்பார், பக்கத்துப் பற்களில் குளிர்ச்சி வைத்து அவற்றின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பார். உறை போட்ட உங்கள் பல்லில் குளிர்ச்சிச் சோதனைக்கு வேலையில்லை. அங்கே ஸ்கேன்தான் பேச வேண்டும்.

பல்தான் காரணம் என்று உறுதியானால் பிடுங்குவது ஒரே வழியல்ல. பல்லின் அடிப்பகுதி உறுதியாக இருந்து, விடுபட்ட கால்வாயோ கசியும் உறையோ காரணமென்றால், பழைய நிரப்பை நீக்கி வேர் சிகிச்சையை மீண்டும் செய்யலாம். சில நேரங்களில் வேர்நுனியை மட்டும் அறுவை செய்து அகற்றலாம், ஆனால் சைனஸை ஒட்டிய வேர்களில் அதற்குத் தேர்ந்த கை வேண்டும். வேர் விரிந்து பிளந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்ற முயல்வது உங்கள் பணத்தையும் காலத்தையும் வீணாக்குவது, பிடுங்கிவிடுவதே நல்லது. எந்த வழியானாலும் பல்லின் மூலத்தை அடைத்தபிறகு பலருக்குச் சைனஸ் சவ்வு அடுத்த சில வாரங்கள், மாதங்களில் தானாகத் தணிந்துவிடுகிறது. தணியாதவர்களுக்கும், வடிகால் துளை முழுக்க அடைபட்டு அவதிப்படுபவர்களுக்கும் எண்டோஸ்கோப் வழியாகச் சைனஸைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இரண்டில் எது முதலில் என்பது துன்பத்தின் கடுமையைப் பார்த்து இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பல்லைத் தொடாமல் சைனஸ் அறுவையை மட்டும் செய்துகொள்வதைத்தான் நான் வேண்டாம் என்பேன்.

பயமுறுத்திய நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது சில சமயம் வாய்க்கும் சைனஸுக்கும் இடையே வழி திறந்துவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருவது அதன் அடையாளம். இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட திறப்பு பொதுவாக ரத்தம் உறைந்து தானே மூடிக்கொள்ளும். அதற்கு இரண்டு வாரம்வரை மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும், உறிஞ்சு குழலும் புகையும் கூடாது. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் ஈறுத் திசுவையோ கன்னத்துக் கொழுப்புத் திசுவையோ இழுத்துத் தைத்து மூட வேண்டும். சைனஸில் சீழ் இருக்கும்போதே மூடினால் தையல் நிற்காது என்பதால் முதலில் அதைச் சுத்தப்படுத்துவார்கள். இதற்கெல்லாம் முன்னேற்பாடு வேண்டும் என்பதால்தான், ஸ்கேன் பார்க்காமல் அவசரப்பட்டு அந்தப் பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். மேல் கடைவாய்ப்பற்களுக்குப் போகும் நரம்பு இழைகள் சைனஸின் சுவர் வழியாகவே ஓடுகின்றன. ஆகவே சாதாரண ஜலதோஷச் சைனஸே பல்வலியாக வேடம் போடும். தொழிலுக்கு வந்த புதிதில், சளிப்பிடித்திருந்த ஒருவர் மேல்வரிசைப் பல் வலிக்கிறது என்று விரலால் காட்டியதை நம்பி, நல்ல பல் ஒன்றைத் திறந்துவிட்டேன். நரம்பு சிவந்து, ஆரோக்கியமாக இருந்தது. பத்து நாளில் அவருடைய சளியும் போனது, வலியும் போனது. திறந்த பல்லை மூட என்னால் முடிந்தது, முன்போல் ஆக்க முடியவில்லை. அன்றிலிருந்து, ஒரு பல்லில் மட்டும் வலிக்கிறதா அல்லது வரிசையாக மூன்று நான்கு பற்கள் வலிக்கின்றனவா, படியிறங்கும்போதும் குனியும்போதும் கூடுகிறதா, குளிர்ச்சி வைத்தால் எல்லாப் பற்களும் ஒரே மாதிரி உணர்கின்றனவா என்று கேட்காமல் கருவியைக் கையில் எடுப்பதில்லை.

ஒரு பக்கச் சைனஸ் எல்லாமே பல்லால் வருவதும் அல்ல. சைனஸுக்குள் பூஞ்சை உருண்டையாகத் திரளலாம். வேருக்கு வெளியே வழிந்து சைனஸுக்குள் போன நிரப்புப் பசை அதற்கு வித்தாக அமைவதும் உண்டு. அரிதாகப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். மூக்கில் ரத்தம் கலந்து வருவது, கன்னமோ மேலுதடோ மரத்துப்போவது, காரணமில்லாமல் மேல்பற்கள் ஆடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரின் தேதிக்காகக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள். கண்ணிமை வீங்குவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தாங்க முடியாத தலைவலி என்றால் அது அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

அதுவரை வீட்டில் செய்துகொள்ள உகந்தது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. காய்ச்சி ஆறவைத்த நீரையோ வாலை வடித்த (டிஸ்டில்டு) நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். குழாய்நீரை நேரடியாக மூக்கில் விட்டால், மிக அரிதாக, மூளையைத் தாக்கும் அமீபா அதன்வழி நுழையக்கூடும். மூக்கடைப்புக்குக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்குமேல் தொடர்ந்தால், அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விமானப் பயணத்தைப் பொறுத்தவரை, விமானம் கீழிறங்கும்போது பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றழுத்தம் கூடும். சைனஸின் துளை அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் கன்னத்திலும் மேல்பற்களிலும் கூர்மையான வலி எடுக்கும். இப்போது இருப்பதுபோன்ற கனத்தோடு உங்களால் பயணிக்க முடியலாம், ஆனால் புறப்படுவதற்கு முந்திய வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல்லைப் பிடுங்குவதாகவோ சைனஸ் அறுவை செய்வதாகவோ முடிவானால், பயணம் முடிந்து திரும்பியபிறகு அதற்குத் தேதி வாங்குங்கள். ஸ்கேன் எடுப்பதை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை.